தட்டில் வெட்டிய பெயர்கள்

ஜூன் 12, திங்கள்

ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் பார்ட்டி நடந்தால், திங்கட்கிழமை என் வேலை அப்பார்ட்மென்ட் ஆபீஸில் தொடங்காது. பார்ட்டி ஹாலில் தொடங்கும். பூட்டைத் திறந்து, என்ன உடைந்திருக்கிறது என்று பார்த்து, அசோசியேஷன் செயலாளர் நளினி மேடத்திடம் சொல்ல வேண்டும்.

இன்று எதுவும் உடையவில்லை. குப்பைதான். பலூன் வளைவு பாதி சரிந்து கிடந்தது. பிளாஸ்டிக் தட்டுகளில் கடித்து வைத்த கேக், கரண்டி, ஸ்ட்ரா, மினுமினுப்புக் காகிதம். ரிட்டர்ன் கிஃப்ட்டாகக் கொடுத்த குட்டிக் கார்கள் குழந்தைகளின் வீடு வரைகூடப் போகவில்லை. நான்கைந்து, சக்கரம் கழன்று லிஃப்ட் வாசலிலேயே கிடந்தன.

பச்சையம்மா அக்கா இங்கே துப்புரவு வேலை பார்க்கிறார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"பலூன் ஊத ஒரு ஆளு, உடைக்க ஐம்பது புள்ளைங்க, பொறுக்க மட்டும் நான் ஒருத்தி. நல்லா இருக்குடி உங்க பொறந்தநாளு."

"எனக்கு யாரும் கொண்டாடினதே இல்லக்கா."

"உனக்கு என்னிக்கு?"

சொன்னேன்.

"அன்னிக்கு நான் லீவு" என்றார்.

எல்லாம் கலந்து கிடக்கிறது, எடுக்க மாட்டேன் என்று குப்பை வண்டிக்காரர் போய்விட்டார். மதியம் வரை இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். நளினி மேடம் வந்து படம் எடுத்து அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைகூப்பும் படங்கள் வந்துகொண்டே இருந்தன.

ஜூன் 14, புதன்

கமிட்டிக் கூட்டம். நான் டீ கொடுத்துவிட்டு, பேசியதைக் குறித்துக்கொண்டேன்.

நளினி மேடம் முடிவோடுதான் வந்திருந்தார். இனி ஹாலுக்குள் தூக்கி எறியும் தட்டு, டம்ளர், பலூன் எதுவும் வரக் கூடாது. அசோசியேஷனே எவர்சில்வர் தட்டும் டம்ளரும் தரும். ரிட்டர்ன் கிஃப்ட் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு மேஜை. ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து ஒரு பழைய பொம்மையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போகலாம்.

"தட்டுக்கு எங்க போறது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏன், நம்ம பரண்லதான். கல்யாணத்துக்கு வந்தது, கிரகப்பிரவேசத்துக்கு வந்தது எல்லாம் தூங்கிட்டு இருக்கு. வீட்டுக்கு நாலு குடுத்தா போதும்."

"கழுவறது?"

"பச்சையம்மாவுக்குத் தனியா குடுத்துடலாம். மத்ததெல்லாம் எழில் பாத்துப்பா. டிகிரி படிச்ச பொண்ணு."

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 17, சனி

இரண்டு நாளாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். காலிங் பெல்லை அழுத்துவதுதான் கஷ்டம். அழுத்தியதும் திரும்பிப் போய்விடலாம் போல இருக்கும். ஆனால் பாத்திரம் என்றதும் எல்லோரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கொடுத்தால் பரண் காலியாகும் என்ற சந்தோஷம்.

எல்லாத் தட்டிலும் பெயர் வெட்டியிருக்கிறது. "எங்கள் இல்லத் திருமண நினைவாக." "செல்வி ஹேமாவதி காதணி விழா." ஒரு வீட்டில் கனமான பழைய தட்டுகள் கொடுத்தார்கள். விளிம்பில் "ரா. வெங்கடாசல முதலியார்" என்று இருந்தது. "எங்க மாமனார். மெட்ராஸ்ல பெரிய பாத்திரக் கடை வச்சிருந்தார். பத்திரமா பாத்துக்கோம்மா" என்றார் அந்த அம்மாள். நல்ல கனம். பத்திரமாகத்தான் பார்த்துக்கொள்வேன்.

ஒரு தட்டில் பெயரோடு "திருடாதே" என்றும் வெட்டியிருந்தது. பச்சையம்மா அக்கா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

ஜூன் 18, ஞாயிறு

சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னேன். பெயிண்ட் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பிளாஸ்டிக் கப்ப ஒழிக்கப் போறியா?"

"ஆமாப்பா. மண்ணு கெடுதுல்ல."

"கெடுதுதான். உன் வயசுல எனக்கெல்லாம் டீக்கடையில தனி கிளாசு. குடிச்சுட்டு நாமளே கழுவி ஆணியில மாட்டிட்டு வரணும். அப்புறம் இந்தக் கப்பு வந்துது. எல்லாருக்கும் அதே கப்பு. குடிச்சமா, கசக்கிப் போட்டமா, போயிட்டே இருந்தமா. அத ஒழிக்கவா உன்ன பி.காம். படிக்க வச்சேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிளாஸ்டிக்கைப் பற்றி மேடம் அனுப்பிய கட்டுரைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். எதிலும் இது இல்லை.

ஜூன் 25, ஞாயிறு

முதல் பார்ட்டி. சின்னது. காகிதத் தோரணம், வாழையிலைத் துண்டில் கேக், தட்டில் இட்லியும் கேசரியும்.

பொம்மை மேஜைதான் வேடிக்கை. ஒரு பையன் பேட்டரி ஹெலிகாப்டரை வைத்துவிட்டு ஒரு கால் இல்லாத மரக்குதிரையை எடுத்துக்கொண்டான். அவன் அம்மாவுக்கு மனசு வரவில்லை.

"டேய், அது புதுசுடா. எண்ணூறு ரூபா. போய் மாத்திட்டு வா."

"அது பறக்கவே மாட்டேங்குது. இது நிக்கவாச்சும் நிக்குது."

நிற்கவில்லை. சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு ஊதல் எத்தனையோ வாய் மாறியது. குழந்தைகள் சட்டையில் துடைத்துவிட்டு ஊதினார்கள், அல்லது துடைக்காமலே.

முடிந்தபோது ஒரே ஒரு பை குப்பை. நளினி மேடம் என் தோளைத் தட்டினார். பச்சையம்மா அக்கா, "இன்னிக்குத்தான் முதுகு வலிக்கல" என்றார்.

ஜூன் 26, திங்கள்

ஹாலைத் திறந்தேன். வெறும் ஹால். பத்து நிமிடத்தில் ஆபீஸுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 3, திங்கள்

ஏழாவது மாடி ஸ்ரீவித்யா, மகள் ஆத்யாவின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு வரும் ஞாயிறன்று ஹாலைப் பதிவு செய்ய வந்தார். பெரிய பார்ட்டி. உறவினர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள். நளினி மேடமும் ஆபீஸில் இருந்தார்.

"ரிட்டர்ன் கிஃப்ட் இல்லாம எப்படி மேடம்? குழந்தைங்க வெறுங்கையோடவா போகும்? என் பொண்ணுக்கு எல்லாரும் கொடுத்தாங்க. இப்ப நான் கொடுக்கலன்னா என்ன நினைப்பாங்க?"

"எல்லாரும் அப்படி நினைச்சுத்தான் இந்தக் குப்பை, வித்யா. யாராவது ஒருத்தர் நிறுத்தணும்ல?"

கொஞ்ச நேரம் வாதாடினார்கள். கடைசியில் ஸ்ரீவித்யா சிரித்துவிட்டு, "சரி, என் பொண்ணே அந்த ஒருத்தரா இருக்கட்டும்" என்றார். வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் சமையல் செட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்தது. போகும்போது, "தேங்க்ஸ் எழில்" என்று என் பெயரைச் சொன்னார். இங்கே நிறையப் பேர் "ஆபீஸ் பொண்ணு" என்பார்கள்.

ஜூலை 8, சனி

தட்டு போதாது.

பி பிளாக்கில் ஒரு குடும்பம் பெங்களூருக்கு மாறிப் போகிறது. கொடுத்த தட்டுகளை எல்லாம் நேற்று திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். நளினி மேடம் ஊரில் இல்லை. ஸ்ரீவித்யாவிடம் எல்லாம் தயார் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. குறைகிறது என்றால் பிளாஸ்டிக் வாங்கிவிடுவார்கள், அதோடு இந்த ஏற்பாடு முடிந்தது.

அம்மாவிடம் சொன்னேன். யோசிக்கவே இல்லை.

"நம்ம குழுத் தட்டு இருக்குதே. எடுத்துட்டுப் போ."

எங்கள் தெரு மகளிர் குழு போன வருடம் வாங்கியவை. தெருவில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் இவற்றில்தான் சாப்பாடு. அம்மாதான் குழுத் தலைவி.

"வாடகைக்கு எடுத்துக்கறேம்மா."

"நம்மகிட்ட இருக்கும்போது எதுக்குடி வாடகை? சின்னப் புள்ளைங்க சாப்பிடப் போவுது."

புளியும் சாம்பலும் போட்டு அம்மா ஒவ்வொன்றாகத் தேய்த்தார். நான் துடைத்து அடுக்கினேன். ஒவ்வொன்றின் விளிம்பிலும் "அம்பேத்கர் நகர் மகளிர் குழு" என்று வெட்டியிருக்கிறது. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு.

துடைக்கும்போது அந்தப் பெயரைப் பார்க்காமல் வேறு எதையோ நினைக்கப் பார்த்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

எங்கள் தட்டுகளை அடுக்கில் கீழே வைத்திருந்தேன். கூட்டம் அதிகம், கீழ்த்தட்டுகளும் மேலே வந்துவிட்டன.

ஸ்ரீவித்யாவின் நாத்தனார் ஒன்றை எடுத்து விளிம்பைப் படித்தார். பிறகு அடுத்ததை எடுத்துப் படித்தார்.

"வித்யா, இதெல்லாம் எங்கேர்ந்து வந்தது?"

ஸ்ரீவித்யாவும் படித்தார். என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"தெரியல அண்ணி. வெளியில வாங்கினாங்க போல."

"எங்க எப்படிக் கழுவினதோ. ஹைஜீன்னு ஒண்ணு இருக்குல்ல. குழந்தைங்க சாப்பிடறது."

யாரும் சத்தம் போடவில்லை. ஸ்ரீவித்யாவின் கணவர் கேட் பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டு கட்டுப் பிளாஸ்டிக் தட்டு வாங்கி வந்தார். வந்தவர்கள் எதுவும் நடக்காதது போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆத்யா எங்கள் தட்டு ஒன்றில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அதைக் கையிலிருந்து எடுத்து, பூரியைப் பிளாஸ்டிக் தட்டுக்கு மாற்றினார்.

"அம்மா, நான் பாதி சாப்பிட்டாச்சு!"

"மீதியை இதுல சாப்பிடு."

மற்றத் தட்டுகளையும் இதே தொட்டியில், இதே தண்ணீரில்தான் காலையில் பச்சையம்மா அக்காவும் நானும் கழுவினோம். சொல்லியிருக்கலாம். எங்கள் தட்டுகளைச் சாக்கில் போட்டு ஸ்டோர் ரூமில் வைத்தேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டார். "தட்டு பத்துச்சா?"

"பத்துச்சும்மா."

"எல்லாரும் நல்லா சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க."

ஜூலை 10, திங்கள்

திங்கட்கிழமை மறுபடியும் குப்பை. ஒரு பைக்கு மேல்.

நளினி மேடம் ஊரிலிருந்து வந்ததும் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எழில், தட்டு குறையுதுன்னு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"சாரி மேடம்."

"சாரி எல்லாம் வேண்டாம். உன்மேல தப்பே இல்ல. வித்யாவும் நல்ல பொண்ணுதான், அவளுக்கு அவங்க வீட்டு ஆளுங்களோட கஷ்டம்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நான் ஒண்ணு யோசிச்சேன். பாலிஷ் போடற ஆள் இருக்கார். அந்தத் தட்டுல இருக்கற பேரை மட்டும் எடுத்துட்டா பிரச்சனையே இல்ல. அடுத்த பார்ட்டி 23ஆம் தேதி. தட்டு வேணும், இல்லன்னா மறுபடி பிளாஸ்டிக்தான். நீ சங்கடப்படக் கூடாதேன்னுதான் சொல்றேன்."

"யோசிச்சு சொல்றேன் மேடம்."

ஜூலை 11, செவ்வாய்

வார விடுமுறை. துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். தட்டு எங்கே என்று அம்மா கேட்டார். ஆபீஸில் இருக்கிறது, அடுத்த பார்ட்டிக்கும் வேண்டும் என்றேன்.

ஜூலை 13, வியாழன்

நான் சொன்னது வேறு மாதிரி ஆகிவிட்டது. நம் தட்டில் பெரிய அப்பார்ட்மென்ட் பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று அம்மா குழுவில் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அந்த அப்பார்ட்மென்டுக்கென்றே இன்னும் இருபது தட்டு வாங்கித் தருவதென்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

"பிளாஸ்டிக் ஒழியணும்னா நாமளும் செய்யணும்ல" என்றார் அம்மா. தட்டுகளை வாங்கியும் ஆயிற்று. திருப்போரூர்ப் பாத்திரக் கடையில் இருக்கின்றன.

ராத்திரி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். வெயில் என்று சொன்னேன்.

ஜூலை 15, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் படித்தது, பிளாஸ்டிக் வாங்கி வந்தது, குழந்தையின் பூரி, பாலிஷ். எல்லாம் சொன்னேன். அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"கழுவலன்னா சொன்னாங்க?"

"எப்படிக் கழுவினதோன்னாங்க."

"முகம் தெரியற மாதிரி தேய்ச்சேனே" என்றார். இன்னொரு காயை எடுத்துக்கொண்டு, "நீ ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றார்.

நறுக்கிப் போட்ட காம்புகளைப் பொறுக்கினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. காயைத் தண்ணீரில் போட்டார்.

"இருபது தட்டு கடையில கெடக்குது. பேரு இன்னும் வெட்டல. வெட்டாம குடுத்தா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. புள்ளைங்க சாப்பிடும், உன் வேலையும் நிலைக்கும். வெட்டினா எப்படியோ தெரியாது. உன் ஆபீசு, நீயே சொல்லு. வெட்டவா, வேணாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று மேடத்துக்குச் சொன்ன பதிலையே அம்மாவுக்கும் சொன்னேன்.

ஜூலை 17, திங்கள்

பஸ்ஸிலேயே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மேடத்தின் முன்னால் போனதும் பாதி மறந்துவிட்டது.

"மேடம், பாலிஷ் போடறதுன்னா எல்லாத் தட்டுக்கும் போட்டுடலாம்."

"எல்லாத்துக்குமா? எதுக்கு?"

"எல்லாத்துலயும் பேர் இருக்கு. முதலியார் சார் தட்டு, காதணி விழாத் தட்டு எல்லாத்துலயும்."

"ஐயோ, அதெல்லாம் அவங்க வீட்டுப் பெரியவங்க நினைவா குடுத்தது எழில். அத எப்படி அழிக்கிறது? அவங்க மனசு…"

மேஜையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"நான் அப்படி நினைச்சு சொல்லல" என்றார்.

"தெரியும் மேடம்."

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கமிட்டிக்குத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். எந்தத் தட்டிலும் எந்தப் பெயரையும் அழிப்பதில்லை. தூக்கி எறிவது எதுவும் ஹாலுக்குள் வரக் கூடாது. இந்தத் தட்டு வேண்டாம் என்கிறவர்கள் தங்கள் வீட்டுத் தட்டைக் கொண்டுவந்து, தாங்களே கழுவி எடுத்துப் போகலாம்.

"யாருமே வேண்டாம்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"சொன்னா, நம்ம ஹால் எப்படின்னு நமக்குத் தெரிஞ்சுடும்" என்றார்.

ஜூலை 18, செவ்வாய்

அம்மாவும் நானும் திருப்போரூருக்குப் போனோம். பெயர் வெட்டுபவர் மடியில் தட்டைச் சாய்த்து, இயந்திர ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்ன பேரும்மா?"

அம்மா என்னைப் பார்த்தார்.

"அம்பேத்கர் நகர் மகளிர் குழு" என்றேன்.

மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீளமா இருக்கே. மகளிர் குழுன்னு மட்டும் போட்டுடவா? பாக்க அழகா இருக்கும்."

"முழுசா போடுங்கண்ணா."

இருபதும் முடிய நேரமாயிற்று. அம்மா ஒவ்வொன்றையும் வாங்கி, எழுத்தின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்து அடுக்கினார். அம்மாவுக்கு அவ்வளவாகப் படிக்க வராது.

ஜூலை 23, ஞாயிறு

முதல் மாடி டேவிட் சார் பையனுக்குப் பிறந்தநாள். தட்டுகளைக் கலந்து அடுக்கினேன்.

இரண்டு குடும்பங்கள் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவந்தார்கள். ஒருவர் தட்டை எடுத்துப் படித்துவிட்டு வைத்துவிட்டார். பசியில்லை என்றார். மற்றவர்கள் வரிசையில் வந்தார்கள், எடுத்தார்கள், பிரியாணியைப் போட்டுக்கொண்டு போனார்கள். பாதிப் பேர் விளிம்பைப் பார்க்கவே இல்லை. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஸ்ரீவித்யா வரவில்லை. ஆத்யாவை மட்டும் அனுப்பியிருந்தார்.

பிளாஸ்டிக் டப்பா இல்லாததால் குழந்தைகள் மீதிக் கேக்கைத் தட்டோடு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். "இதுக்குத்தான் அன்னிக்கே திருடாதேன்னு வெட்டியிருக்கான்" என்றார் பச்சையம்மா அக்கா.

குப்பை ஒரு பை.

ஜூலை 24, திங்கள்

காலையிலிருந்து தட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. புதிதாக வெட்டியவற்றில் ஒன்று.

"குரூப்ல போட்டுடு" என்றார் நளினி மேடம்.

"நீங்க போடுங்க மேடம்."

"தட்டு உங்களோடது. நீயே போடு."

அந்தக் குழுவில் நான் இதுவரை எதுவும் எழுதியதில்லை. தட்டச்சு செய்துவிட்டு இரண்டு முறை படித்தேன். 'வணக்கம். நேற்றைய பார்ட்டியிலிருந்து ஒரு தட்டு யார் வீட்டிலோ இருக்கிறது. விளிம்பில் அம்பேத்கர் நகர் மகளிர் குழு என்று பெயர் வெட்டியிருக்கும். தயவுசெய்து ஆபீஸில் கொடுக்கவும். எழிலரசி.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீர் கட்டண ரசீதுகளைப் போட ஆரம்பித்தேன். இரண்டு முறை தப்பாகப் போட்டேன்.

மூன்று மணிக்கு மேல் ஆத்யா வந்தாள். பள்ளிச் சீருடையை மாற்றவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்து, விழுந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள். கழுவித் துடைத்த தட்டு. அதில் இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் சர்க்கரையும் இருந்தன.

"அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"பழம் எதுக்குடா?"

"வெறும் தட்டா குடுக்கக் கூடாதாம். அம்மா சொன்னாங்க."

வேறு ஏதாவது சொன்னார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்குள் லிஃப்டுக்கு ஓடிவிட்டாள்.

ஸ்ரீவித்யா பழக்கத்தில் வைத்திருக்கலாம். எங்கள் தெருவிலும் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம்.

பழத்தில் ஒன்றைப் பச்சையம்மா அக்காவுக்குக் கொடுத்தேன். சர்க்கரை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டு இருந்தது. அதை ஆபீஸ் டப்பாவில் கொட்டிவிட்டு, கவரைக் கழுவி ஜன்னல் கம்பியில் காயப் போட்டேன்.